கோழிக்கூட்டுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

எங்கள் தெருக்காரர்களுக்கும், பக்கத்துத் தெருக்காரர்களுக்கும், யாரென்று சொல்லாமலே உதவிவிட்டுப் போனவர்களுக்கும் வணக்கம்.

நேற்று இரவு வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்கினோம். கொல்லைப் பக்கம் சத்தம் கேட்டு யாரும் எழுந்து ஓடவில்லை. அந்தத் தெம்பில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஓர் இரவில் ஏதோ ஒன்று புகுந்து எங்கள் கோழிகளையெல்லாம் தீர்த்துவிட்டுப் போனதை விவரமாகத் திரும்பச் சொல்லப்போவதில்லை. அன்று விடியற்காலையில் எங்கள் கொல்லையில் வந்து நின்றவர்கள் கண்ணால் பார்த்தார்கள். வராதவர்களுக்கும் பொழுது விடிவதற்குள் செய்தி போய்விட்டது. வந்தது மரநாயா வேறொன்றா என்ற பட்டிமன்றம் டீக்கடையில் இன்னும் நடக்கிறது என்று கேள்வி. தீர்ப்பு வந்தால் சொல்லி அனுப்புங்கள்.

"போனது கோழிதானே, விடுங்கள்" என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அவர்களுக்கும் நன்றி, ஒரு பிடி குறைவாக. என் மாமியார் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாள்முதல் கோழி வளர்க்கிறவர். அன்றைக்குப் பிறகு, காலையில் பழக்க தோஷத்தில் குருணைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவுவரை போவார். நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். கிண்ணத்தை அப்படியே கொண்டுவந்து வைத்துவிடுவார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் கூடு கட்டும் வேலையில் இறங்கினோம். அவருக்கு அதில் துளியும் விருப்பமில்லை. "இனி இந்த வீட்டில் கோழி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, வேலை நடந்த பக்கமே திரும்பவில்லை.

உதவியவர்கள் பலர். ஆனால் முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. வெல்டிங் பட்டறையில் கையாளாக இருக்கும் தம்பி. பட்டறைக்காரர் சட்டங்களை ஒட்டவைத்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர். வேலை முடியும்வரை அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததாக நினைவில்லை. கூலியை வாங்கிக்கொண்டு, மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள். கூடு முடிந்தது என்றுதான் நாங்களும் இருந்தோம்.

அன்று இரவு சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிள் மணி. பார்த்தால் அந்தத் தம்பி. கேரியரில் ஒரு சுருள் வயர், ஹோல்டரோடு ஒரு பல்பு. சட்டைப் பையில் சாக்பீஸ்.

"அக்கா, கூட்டை ஒருமுறை இருட்டில் பார்க்க வேண்டும். பகலில் எல்லாம் அடைத்த மாதிரிதான் தெரியும்."

வீட்டு விளக்கு, வாசல் விளக்கு எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். பழைய சாக்குகள் கேட்டார். கம்பி வலை அடித்த பக்கங்களைச் சாக்கால் மூடிவிட்டு, பல்பைக் கூட்டுக்குள் தொங்கவிட்டு எரியவிட்டார். வலை வழியாக வரும் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தால் சந்து தெரியாதாம். பிறகு கூட்டைச் சுற்றி நடந்தார். முதலில் நின்றபடி, அடுத்து முட்டி போட்டு, கடைசியில் ஈர மண்ணில் கன்னத்தை வைத்துக் குப்புறப் படுத்து. ஓடு சுவரில் உட்காரும் இடத்தில் ஒரு கீற்று வெளிச்சம். முட்டைப் பெட்டியின் மூடி கீலில் திரும்பும் இடத்தில் ஒன்று. கதவுக்கு அடியில் நீளமாக ஒன்று. சட்டமும் செங்கல்லும் சேரும் மூலையில் எங்கள் யார் கண்ணிலும் படாத இன்னொன்று. வெளிச்சம் கசிந்த இடத்திலெல்லாம் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். "தலை நுழைந்தால் உடம்பு தானாக நுழைந்துவிடும் அக்கா" என்று மட்டும் சொன்னார்.

இதற்குள் மாமியார் டார்ச்சோடு வெளியே வந்துவிட்டார். "டார்ச்சை அணையுங்கள் அப்பத்தா" என்றார் தம்பி. அணைத்தார். உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தப் பையனுக்குப் பக்கத்தில் குனிந்து, "அந்தா, மேலே ஒன்று மினுங்குகிறது பார்" என்று கையை நீட்டினார். அன்றைக்குப் பிறகு கூட்டின் பக்கம் அவர் கண் போனது அப்போதுதான். பிறகு இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு சந்து தேடினார்கள். நான் வயரைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நின்றேன். அழுதேனா என்று கேட்காதீர்கள்.

மறுநாள் பட்டறை திறப்பதற்கு முன்பே தகரத் துண்டுகளோடு வந்து, வட்டம் வட்டமாக அடைத்தார். ஒன்றை அடைத்து முடித்ததும் அந்த வட்டத்தைக் கட்டைவிரலால் அழித்துவிட்டு அடுத்ததற்குப் போவார். கதவடிக்கு மட்டும் ஒரு கல் படி வைக்கச் சொன்னார். பணம் நீட்டினேன். "பட்டறையில் கூலி வாங்கிவிட்டேன் அக்கா" என்று சொல்லிவிட்டுக் காபியை நின்றபடியே குடித்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு, அவருடைய அம்மாவும் கோழி வளர்க்கிறவர்தான் என்றார். தான் பள்ளிக்கூடம் போகிற வயதில் அவர்கள் வீட்டிலும் அப்படி ஓர் இரவு வந்ததாம். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னியுங்கள். ஆளுக்கொரு மடல் எழுதினால் ஆடி வந்துவிடும்.

கூட்டின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காகத்தான் ஓட வேண்டும், அப்போதுதான் காலை வெயிலும் மாலை வெயிலும் பெரும்பாலும் குறுகிய பக்கத்தில் விழும் என்று கயிறு பிடித்துக் காட்டிய கொத்தனார் அண்ணனுக்கு நன்றி. மேற்குச் சுவரைச் செங்கல்லால் அடைக்கச் சொன்னதும் அவர்தான். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் மேற்கிலிருந்து வீசும் ஆடிக் காற்றை அறிந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. நான் கேட்ட கோழி வலையை விற்க மறுத்து, நாய் பல்லால் இழுத்தாலே அது கிழிந்துவிடும் என்று அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்ஷை, அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலையை, எடுத்துப் போட்ட இரும்புக்கடைக்காரருக்கு நன்றி. அதே வலையைச் சுவரடியிலிருந்து வெளிப்பக்கமாக ஓரடி அகலத்துக்குப் படுக்கவைத்து மண் மூடினால், தோண்ட வருகிற பெருச்சாளியின் நகம் கம்பியில் மாட்டும் என்பதும் அவர் சொன்னதே. இடித்த வீட்டின் நாட்டு ஓடுகளைச் சும்மா கொடுத்த மேலத்தெருப் பெரியவருக்கு நன்றி. தகரம் போட்டிருந்தால் சித்திரை வெயிலில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்திருக்கும்.

8 அடி நீளம், 5 அடி அகலம். கோழிக்கு 2 சதுர அடி என்று கணக்கு வைத்தால் 20 கோழிகள் தாராளமாக அடையலாம். ஆள் நிமிர்ந்து நின்று கூட்டிப் பெருக்கும் உயரம். கோழிகள் ஏறி உட்காரச் சவுக்குக் கழிகள். அவை முட்டைப் பெட்டிகளைவிட உயரத்தில் இருக்கின்றன. தாழ்வாக இருந்தால் இரவெல்லாம் முட்டைப் பெட்டியிலேயே உட்கார்ந்து எச்சம் போட்டுவிடும். இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் செய்யவைத்த என் நாத்தனாருக்குத் தனியாக ஒரு நன்றி. அவர் போனில் திட்டியதையும் சேர்த்தே.

கூடு அழகாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். கோழிக்கூடு என்றாலே உடைந்த பெஞ்ச், ஓட்டை வாளி, கிழிந்த பிளக்ஸ் இவற்றை வைத்துக் கட்டி மூலையில் ஒளித்துவைக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. பார்க்க அசிங்கமாக இருக்கும் இடத்துக்கு மனிதர்கள் அடிக்கடி போவதில்லை. போகாத இடத்தில் கம்பி துருப்பிடித்தாலும் தெரியாது, கோழி சோர்ந்து நின்றாலும் தெரியாது. சுவருக்குச் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக அடித்துக்கொடுத்த தெருப்பிள்ளைகளுக்கு நன்றி. பட்டைகள் ஒரே அகலத்தில் இல்லை. அப்படியே இருக்கட்டும். மேற்குப் பக்கம் பீர்க்கு விதை ஊன்றியிருக்கிறோம். கொடி ஏறினால் சுவருக்கு நிழல், நமக்குக் காய்.

கூடு தயாரானதும் கோழி வேண்டுமே! அப்போது எதிர்வீட்டு மதினி இரண்டு சிறுவிடை நாட்டுக்கோழிகளையும் ஒரு சேவலையும் பஞ்சாரத்தோடு கொண்டுவந்து இறக்கினார். வாரத்துக்கு விடுகிறீர்களா, குஞ்சில் பாதி உங்களுக்கா என்று கேட்டோம். "வாரமும் இல்லை, வட்டியும் இல்லை" என்று போய்விட்டார். கால்நடை மருந்தகத்து அம்மாவுக்கும் நன்றி. வெளியிலிருந்து வந்த கோழிகளை இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்க்கச் சொல்லி, வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசியும் போட்டுக்கொடுத்தார்.

அந்த இரண்டில் ஒரு கோழி இப்போது அடையில் உட்கார்ந்திருக்கிறது. மாமியார் நொச்சித் தழை பரப்பிய கூடையில், அவரே தேர்ந்தெடுத்த முட்டைகளோடு வைத்திருக்கிறார். 21 நாளில் பொரிக்கும். முதல் அடையில் தேறுகிற குஞ்சுகளில் ஒரு ஜோடி பட்டறைத் தம்பியின் அம்மாவுக்குப் போகும். தம்பி வேண்டாம் என்பார். கொண்டுபோகப்போவது மாமியார், அவரிடம் வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கட்டும்.

இன்னொன்று. அந்தத் தம்பி கொண்டுவந்தது போலவே ஒரு பல்பும் நீள வயரும் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த ஊரில் யார் கோழிக்கூடு கட்டினாலும், கோழியை உள்ளே விடுவதற்கு முன்னால் ஓர் இரவு எனக்குச் சொல்லி அனுப்புங்கள். சாக்பீஸோடு வருகிறேன். நான் ஊரில் இல்லாவிட்டால் மாமியாரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வயரை மட்டும் சிக்கில்லாமல் சுருட்டித் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பீர்க்கங்கொடி ஏறப்போகிற வீட்டுக்காரி