வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுப்பதில்லை: ஆலயச் சமையல் கூடத்துக்கான நன்கொடை வேண்டுகோள்

கர்த்தருக்குள் அன்பான சபை மக்களுக்கும், பிழைப்புக்காக வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும், சுற்றூர்ச் சொந்தங்களுக்கும் ஆலயக் கமிட்டியாரின் ஸ்தோத்திரமும் வணக்கமும் ஸலாமும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் கோயிலுக்குப் பின்னால் இருந்த, அசனம் என்கிற சபை விருந்துக்குச் சமைக்கும் கொட்டகை 2023 டிசம்பர் வெள்ளத்தில் விழுந்ததிலிருந்து நமக்குச் சமையல் கூடம் இல்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு அசனத்தையும் தகரமும் தார்ப்பாயும் கட்டித்தான் சமாளித்தோம். இப்போது அதே இடத்தில் நிரந்தரமாக ஒரு கூடம் கட்டுவதென்று சபை கூடி முடிவு செய்திருக்கிறது. மதிப்பீடு 16 லட்சம் ரூபாய். கையில் இருப்பது 6 லட்சத்து 35 ஆயிரம். மீதிக்குத்தான் இந்த வேண்டுகோள்.

ஒரு சமையல் கொட்டகைக்கு 16 லட்சமா என்று கேட்பீர்கள். சபைக் கூட்டத்திலும் அதுதான் முதல் கேள்வியாக வந்தது. அதற்குப் பதில் சொல்வதற்கு முன் ஓர் அண்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நம் கோயில் சாமான் அறையில், கதவைத் திறந்ததும் இடது கைப் பக்கம், ஒரு பெரிய பித்தளை அண்டா கவிழ்த்து வைத்திருக்கிறது. அது நம்முடையது அல்ல. விளிம்பை ஒட்டி உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் பக்கத்து ஊர் அம்மன் கோயில் பெயரும் ‘உபயம்’ என்ற சொல்லும் இருக்கின்றன. உபயம் செய்தவர் பெயர் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்தே மழுங்கிவிட்டது. ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருக்கும். டிராக்டரில் வந்தபோது பட்ட அடி அது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து நாட்களின் மூன்றாம் ஞாயிறு. காலை ஆராதனைக்கே பாதிப் பேர்தான் வந்தார்கள். ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ் போக வேண்டிய பிள்ளைகள் டிரம்மைத் துணியில் சுற்றிக் கோயிலிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மழை விடவே இல்லை. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் என்று பிறகு கேள்விப்பட்டோம். நம் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். தாமிரபரணியும் நிறைந்து, குளங்களும் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து, நடுராத்திரியில் தெருவுக்குள் தண்ணீர் வந்தபோது எல்லோரும் ஓடி வந்த இடம் கோயில்தான். ஊரிலேயே மேடான இடம் அது. அங்கேயும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். குழந்தைகளைப் பலிபீடத்துப் படிகளிலும் பாடகர் குழுவின் பெஞ்சுகளிலும் படுக்க வைத்தோம். அன்று ராத்திரி கோயிலுக்குள் இருந்தவர்களில் சபையார் பாதிப் பேர்தான் இருக்கும். மற்றவர்கள் கீழத்தெரு ஜனங்கள். கட்டட வேலைக்காக வந்து தங்கியிருந்த வடமாநிலப் பையன்கள் ஒன்பது பேர். யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று யாரும் பார்க்கவில்லை.

பரணில் பிடியரிசி டிரம் இருந்தது. நம் வீட்டுப் பெண்கள் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருகிற அரிசி. ஒரு துளி நனையவில்லை. ஆனால் கொட்டகை இடிந்து, ஆறு அடுப்பும் சேற்றுக்குள் போய்விட்டது. விறகெல்லாம் மிதந்து போனது. அரிசி இருந்தது, அடுப்பு இல்லை. இரண்டு நாள் பிஸ்கட்டையும் நனைத்த அவலையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, பெரியவர்கள் மழைத்தண்ணீரைப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் காலை டிராக்டர் சத்தம் கேட்டது. பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல் ஜமாஅத் பிள்ளைகளும் அம்மன் கோயில் கமிட்டிப் பையன்களும் ஒன்றாக வந்திருந்தார்கள். சமைத்தது பள்ளிவாசலில், நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற அடுப்பில். அங்கே இருந்த பாத்திரம் போதாமல் அம்மன் கோயில் அண்டாவை வாங்கி வந்திருக்கிறார்கள். மூடியைத் திறந்தபோது வந்த தக்காளிச் சோற்று ஆவி, அன்று அங்கே இருந்த ஒருவருக்கும் மறக்காது. அவர்கள் ஊரிலும் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதென்பது நமக்குப் பிறகுதான் தெரிந்தது. நான்கு நாள் அப்படியே வந்தது சாப்பாடு.

அந்த வாரம் நம் பக்கமெல்லாம் இப்படித்தான் இருந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நகர முடியாமல் நின்றபோது, அதிலிருந்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் புதுக்குடி மக்கள் தங்கள் கோயிலில் வைத்துச் சமைத்துப் போட்டது நாடு முழுக்கத் தெரிந்த சங்கதி. அந்த மக்கள் வீட்டிலும் அன்று அரிசிப் பானை நிறைந்திருக்கவில்லை.

சரி, அண்டாவுக்கு வருவோம். தண்ணீர் வடிந்த பிறகு, தேய்த்துக் கழுவி, இரண்டு பேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திருப்பிக் கொடுக்கப் போனார்கள். போகும்போது, கோயில் வேலைகளைக் கவனிக்கிற நம் கோயில்பிள்ளையின் மனைவி வழியிலேயே மறித்துவிட்டார். “வாங்கின பாத்திரத்த வெறும் பாத்திரமாவா கொண்டுபோய்க் கொடுப்பீங்க?” நம் வீடுகளில் யாரும் அப்படிக் கொடுப்பதில்லைதானே. பக்கத்து வீட்டுக் கிண்ணம் குழம்போடு வந்தால், போகும்போது அதில் நாலு முருங்கைக்காயாவது, ஒரு கை கருப்பட்டியாவது இருக்கும். ஆனால் அன்று எந்த வீட்டில் என்ன இருந்தது? வாழை சாய்ந்துபோனது, ஆடு மாடு போனது, பருத்த உளுந்து மூட்டைக்குள்ளேயே முளைத்துக் கிடந்தது. வெட்கத்தோடு அண்டாவை இறக்கி வைத்துவிட்டார்கள். அம்மன் கோயில் தலைவரிடம் விஷயத்தைச் சொன்னபோது, “இருக்கட்டும்யா, அசனத்துக்கு உங்களுக்கே வேணும்லா, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். அந்த ‘அப்புறம்’ இன்னும் வரவில்லை. அண்டா நம்மிடம்தான் இருக்கிறது.

அந்த அண்டாவுக்குள் நாம் வைத்துக் கொடுக்கப்போவதுதான் இந்தக் கூடம்.

கூடம் எப்படி இருக்கும் என்று சொல்கிறோம். முப்பதுக்கு இருபது அடி. 2023-ல் தண்ணீர் ஏறிய கறை கோயில் சுவரில் இன்றும் தெரிகிறது. வெள்ளையடித்தபோதுகூட அந்த ஒரு கோட்டை மட்டும் விட்டு அடிக்கச் சொன்னோம். கூடத்தின் தரை அந்தக் கோட்டுக்கு மேல் இரண்டடி உயரத்தில் வரும். அதனால்தான் அஸ்திவாரச் செலவு கூடுகிறது. மேலே தகரம் இல்லை, கான்கிரீட் தளம், வெளிப்பக்கமாகப் படிக்கட்டு. மறுபடி ஒரு வெள்ளம் வந்தால் நூறு பேருக்கு மேல் ஏறி நிற்கலாம். வயதானவர்களைச் சக்கர நாற்காலியில் ஏற்றச் சாய்தளம். விறகு வைக்கத் தனி மாடம், அதுவும் உயரத்தில். ஆறு அடுப்புக்கும் சேர்த்து ஒரே புகைப்போக்கி. பழைய கொட்டகையில் முப்பது வருஷம் புகை குடித்துச் சமைத்த கைகள் இந்தச் சபையில் இருக்கின்றன. அவர்கள் கண்ணுக்கு நாம் பட்டிருக்கிற கடன் கொஞ்சமல்ல.

சாவி யாரிடம் இருக்கும் என்ற கேள்விக்குக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. முடிவு இது: ஒன்று கோயில்பிள்ளையிடம், இன்னொன்று கீழத்தெருவில் ஊரார் சொல்கிற ஒருவரிடம். மழைக்காலத்தில் யாரும் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கக் கூடாது. கல்யாணம், சடங்கு, துக்க வீடு எதுவானாலும், எந்த மதத்தாரானாலும், விறகுச் செலவோடு கூடத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வாடகை கிடையாது. வாடகை வைத்தால் பராமரிப்புக்கு ஆகுமே என்று சிலர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நான்கு நாள் சாப்பாட்டுக்கு யாரும் நம்மிடம் ரேட்டு கேட்கவில்லை.

இது நமக்குப் புதிய வழக்கமும் அல்ல. நம் பக்கத்துச் சபைகளின் தொடக்கமே ஒதுங்க இடம் தேடியவர்களின் கதைதான். விசுவாசத்துக்காக அடிபட்டு ஊர் ஊராக விரட்டப்பட்டவர்களுக்கென்று 1799-ல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முயற்சி எடுத்து, நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர்தான் முதலூர். இடம் இல்லாமல் நின்ற ஜனங்களின் பேரப்பிள்ளைகள் நாம். நம் அசனத்திலும் அது இருக்கிறது. கிடாய் அறுக்க நம் ஊரில் ஆள் இல்லாமல் இல்லை. ஆனாலும் பள்ளிவாசலிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்துதான் அறுக்கிறோம். அப்போதுதான் அங்கிருந்து வருகிறவர்கள் கூச்சமில்லாமல் கை நனைக்க முடியும். கறி சாப்பிடாதவர்களுக்கு இரண்டு அடுப்பில் சாம்பார், அதற்கு அகப்பையும் வாளியும் தனி. 300 கிலோ அரிசிச் சோற்றை வடித்து ஓலைப்பாயில் கொட்டி, வெள்ளை வேட்டி போட்டு மூடி, ஜெபம் முடிந்ததும் ஓலைப்பெட்டியில் அள்ளி அள்ளிப் பரிமாறும்போது, முதல் பந்தி வெளியூராருக்கு. கமிட்டியார் கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, அப்படியே நடந்து வருகிறது.

வெள்ளத்துக்கு அடுத்து வந்த அறுப்பின் பண்டிகையை நினைத்துப் பாருங்கள். எப்போதும் பலிபீடத்துக்கு முன்னால் வாழைத்தார் சாய்க்க இடமிருக்காது. அந்த வருஷம் ஒரு பூசணிக்காய், கொஞ்சம் கீரைக்கட்டு, ஒரு பாட்டியம்மா முடைந்த ஓலைப்பெட்டி, அப்புறம் ஒரே ஒரு நாட்டுக்கோழி முட்டை. நன்றிக் காணிக்கை படைக்க என்ன இருக்கிறது என்று பலர் மனம் கசந்துதான் வந்தார்கள். நம் சபைப் போதகர் ஐயர் அன்று பத்துக் குஷ்டரோகிகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். சுகமான பத்துப் பேரில் திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன்தான், அவனும் அந்நியன், ஒரு சமாரியன். ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியபோது, வேடிக்கை பார்க்க வந்த டீக்கடைக்காரர், அம்மன் கோயில் கொடை விழாவை முன்னால் நின்று நடத்துகிறவர், அந்த முட்டையை 600 ரூபாய்க்கு எடுத்தார். எடுத்த கையோடு, “திரும்ப ஏலம் போடுங்க” என்று மேஜையில் வைத்துவிட்டார். அடுத்தவரும் அப்படியே செய்தார். பதினேழு கை மாறியது அந்த முட்டை. கடைசியில் எடுத்தவர், நிறைமாதமாக இருந்த ஒரு பெண்ணிடம் அதைக் கொடுத்தார். வந்தது 8,450 ரூபாய். கூடத்துக்காக விழுந்த முதல் காணிக்கை அதுதான். கணக்குப் புத்தகத்தில் முதல் வரியில் ‘முட்டை’ என்றே எழுதியிருக்கிறோம்.

அதையும் சேர்த்து இதுவரை சேர்ந்ததைச் சொல்லிவிடுகிறோம். சபையார் மாதக் காணிக்கையாகக் கொடுத்தது 3 லட்சத்து 70 ஆயிரம். பிடியரிசி விற்றதில் 41 ஆயிரம். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சேர்ந்து அனுப்பியது 1 லட்சத்து 60 ஆயிரம். மீதி 64 ஆயிரம் ஏலத்திலும் சில்லறையாகவும் வந்தது. வெள்ளத்தன்று கோயிலில் ஒதுங்கிய அந்த ஒன்பது வடமாநிலப் பையன்களில் இருவர் இன்னும் இங்கேதான் வேலை செய்கிறார்கள். சென்டிரிங் அடிக்கக் கூலி வாங்க மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதைப் பணமாகக் கணக்கிட எங்களுக்குத் தெரியவில்லை.

இந்தத் தடவை தலைக்கட்டு வரி போடவில்லை. வெள்ளக் கடனை இன்னும் அடைத்து முடிக்காத வீடுகள் நம்மிடம் நிறைய. கமிட்டியார் நோட்டோடு வாசலில் வந்து நின்றால், இல்லாதவரும் கடன் வாங்கிக் கொடுத்துவிடுவார் என்று தெரியும். அதனால் வீடு வீடாக வர மாட்டோம். கொடுப்பவர் பெயரையும் தொகையையும் கல்லில் வெட்டுவதில்லை என்றும் முடிவாகியிருக்கிறது. பெயர் வெட்டினால் வசூல் கூடும், உண்மைதான். ஆனால் 50 ரூபாய் கொடுத்தவர் அந்தக் கல்லைத் தாண்டி ஒவ்வொரு வாரமும் கோயிலுக்குள் வர வேண்டும், அதையும் யோசித்தோம். ரசீது எல்லோருக்கும் உண்டு. வரவு செலவு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசல் பலகையில் ஒட்டப்படும், யார் வேண்டுமானாலும் நின்று படித்துக் கேள்வி கேட்கலாம்.

பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. சிமெண்ட் மூட்டை, செங்கல், கம்பி, ஜல்லி எதுவானாலும் பெற்றுக்கொள்கிறோம். வீட்டில் சும்மா கிடக்கிற பெரிய பாத்திரம், சட்டுவம், கண்ணகப்பை இருந்தால் தாருங்கள். வெள்ளத்தில் போனவற்றுக்குப் பதில் இன்னும் வாங்கவில்லை. கொத்தனார், சித்தாள் வேலை தெரிந்தவர்கள் ஒருநாள் உழைப்பைக் கொடுக்கலாம். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டார் மூலமாக அனுப்புங்கள், அல்லது பொருளாளரிடம் கோயில் வங்கிக் கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தனி ஆள் யாருடைய கைபேசி எண்ணுக்கும் பணம் அனுப்ப வேண்டாம், அது கமிட்டியார் எண்ணாக இருந்தாலும் சரி.

இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல் ஐயர் 1847-ல் தொடங்கிய கோயிலைக் கட்டி முடிக்க 1880 ஆனது. பணம் வர வர, 33 வருஷம் பொறுமையாகக் கட்டினார்கள். நமக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. ஐப்பசி அடைமழைக்கு முன் தளம் போட்டாக வேண்டும். கூடம் முடிந்ததும் முதல் சமையல் நமக்காக அல்ல. அந்த அண்டாவிலேயே சோறு ஆக்கி, மேலே கருப்பட்டிச் சிப்பம் ஒன்று வைத்து, பள்ளிவாசலுக்கும் அம்மன் கோயிலுக்கும் கொண்டுபோகிறோம். நீங்களும் உடன் வர வேண்டும்.

அஸ்திவாரம் தோண்டுகிற வேலை வருகிற சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குத் தொடங்குகிறது. வர முடிந்தவர்கள் மண்வெட்டியும் சட்டியும் எடுத்து வாருங்கள். காலைச் சாப்பாடு கோயிலில்.

இப்படிக்கு,
ஆலயக் கமிட்டியார்