வடசேரியில் வழி காட்டிய அண்ணாச்சிக்கு

உங்கள் பெயரைப் போடவில்லை. அங்கே வழக்கமும் அதுதானே.

குலசேகரத்திலிருந்து அத்தானைக் கூட்டிக்கொண்டு குடியை விட நினைப்பவர்கள் பெயர் வெளியிடாமல் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் தேடி வந்து, நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்றோம். யாரிடமும் கேட்கக் கூச்சம். ஊர்க்காரர் எவராவது காதில் வாங்கிவிட்டால்? எங்கள் பேச்சை வைத்தே புரிந்துகொண்டு, "நானும் அங்கதான் போறேன், வாங்க" என்றீர்கள். அதன் பிறகுதான் அத்தான் கால் நகர்ந்தது.

கட்டணம் இல்லை, குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும், 1935-ல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் தங்கள் குடியைப் பற்றிப் பேசித் தொடங்கியது இது என்று நடந்துகொண்டே சொன்னீர்கள். அன்று குடிப்பழக்கம் இல்லாதவர்களும் வரக்கூடிய திறந்த கூட்டம் என்பதால் எனக்கும் உட்கார இடம் கிடைத்தது. அக்காவைப் போல, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கு ஆல்-அனான் என்ற கூட்டம் இருப்பதும் அன்றுதான் தெரியும்.

எல்லாவற்றையும்விட ஒன்று. பல வருடம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், குழப்பம், வலிப்பு, சிலருக்கு உயிருக்கே ஆபத்து வரை போகும், முதலில் டாக்டரைப் பாருங்கள் என்றீர்கள். வீட்டில் எல்லாரும் மனஉறுதி, மனஉறுதி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். (அதில் பாதிப் பேர் கல்யாண வீட்டில் ஊற்றிக் கொடுத்தவர்கள்.) ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினோம். அங்கே மருந்து, கூட்டத்தில் பேச்சு, இரண்டும் சேர்ந்தே நடக்கிறது.

காலையில் ரப்பர் பால்வெட்டு முடித்துவிட்டு அத்தான் தவறாமல் வருகிறார், நீங்களே பார்க்கிறீர்கள். சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் நழுவுகிறீர்களாம். அக்கா விடமாட்டாள், சொல்லிவிட்டேன்.