தூக்குமுன் பிள்ளையிடம் ஒருமுறை கேளுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகனுக்கு ஐந்து வயது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டார். மூளை சொல்வது கால்களுக்குச் சரியாகப் போய்ச் சேராததால் இரண்டு கால்களின் தசைகளும் எந்நேரமும் இறுகியே இருக்கும். பெருமூளை வாதம் என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறார்கள். கதைக்கும் குறும்புக்கும் குறைவே இல்லை. கால்களுக்கு பிளாஸ்டிக் கவசம் போட்டு, வோக்கரைப் பிடித்துக்கொண்டு தானாகவே நடப்பார். ஆனால் மெதுவாக.

அந்த 'மெதுவாக' பற்றித்தான் எழுத வந்தேன்.

எங்கள் வீட்டில் காலை ஐந்தரைக்கே வேலை தொடங்கிவிடும். முதலில் கெண்டைக்கால் தசையை இழுத்துவிட வேண்டும். ஒவ்வொரு இழுவையிலும் முப்பது எண்ணும்வரை பிடித்திருக்க வேண்டும். எண்ணுவது அவர்தான். இருபதுக்குப் பிறகு வேகமாக எண்ணி என்னை ஏமாற்றப் பார்ப்பார். அப்புறம் காலுறை. அதில் ஒரு சுருக்கம் இருந்தாலும் கவசத்துக்குள் அது தோலை அழுத்திப் புண்ணாக்கிவிடும். அதனால் விரல் நுனியிலிருந்து முழங்கால்வரை தடவித் தடவி நேராக்குவேன். மாலையில் கவசத்தைக் கழற்றியதும் சிவந்த தடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருபது நிமிடத்தில் மறைந்தால் பரவாயில்லை. மறையாவிட்டால் கவசம் இறுக்கம், கொண்டுபோய்த் திருத்த வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாக வீசும்போது அந்த பிளாஸ்டிக்குக்குள் கால் எப்படி வேகும் என்பது போட்ட பிள்ளைக்குத்தான் தெரியும்.

சட்டைப் பொத்தானை அவரே பூட்டுவார். ஐந்து பொத்தானுக்குப் பத்து நிமிடம். நான் பூட்டிவிட்டால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பதுதான் இந்தப் பிள்ளை எனக்குக் கற்றுத்தந்த மிகக் கடினமான வேலை. அம்மம்மாவுக்கு இது பொறுக்காது. "பிள்ளையை வதைக்கிறாய்" என்று என்னோடு சண்டை பிடிப்பார். அவருடைய பாசத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பூட்டக் கற்றுக்கொள்ளாத கைக்கு நாளைக்கு யார் பூட்டிவிடுவது?

வெளியில் இறங்கினால் இதே சங்கடம் பத்து மடங்காகிறது. திருகோணமலைச் சனம் இளகிய மனம் கொண்டது. ஓட்டோக்காரத் தம்பிமார் கேட்காமலே வோக்கரை மடித்து வைப்பார்கள். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டைக்குள் மான் பார்க்க நாங்கள் நின்றால், பின்னால் வருகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் "பாவம்" என்று ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டே பிள்ளையைத் தூக்கிவிடுகிறார்களே, அதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு மருந்துக் கடைக்குப் போனோம். வாசலில் நான்கு படி. கைபிடிக் கம்பியை ஒரு கையால் பிடித்து, மறுகையை என் கையில் ஊன்றி மூன்று படி ஏறிவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை. நான்காவதுக்குக் காலைத் தூக்கும்போது பின்னால் வந்த ஒரு ஐயா, "அட பாவம்" என்று அள்ளித் தூக்கி உள்ளே கொண்டுபோய் விட்டார். மகன் வீறிட்டு அழத் தொடங்கினார். அந்த ஐயா பதறிப்போனார், பிள்ளைக்கு எங்கோ நோகப் பண்ணிவிட்டோம் என்று. "முதல்ல இருந்து" என்றார் மகன். அவரை இறக்கிக் கீழே கொண்டுபோய் விட்டேன். மறுபடி முதல் படியிலிருந்து ஏறினார். அந்த ஐயா மருந்துத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, நான்கு படியும் முடியும்வரை ஓரமாக நின்றார். அந்த நிற்பைத்தான் நான் எல்லோரிடமும் கேட்கிறேன்.

தூக்க வேண்டும் என்று தோன்றினால் முதலில் கேளுங்கள். என்னிடம் வேண்டாம், அவரிடம். "இவர் என்ன குடிப்பார்?" என்று கடைகளில் என்னைப் பார்த்துக் கேட்கிறார்கள். வாய் அவருக்கும் இருக்கிறது. கேட்டால் நெக்டோ வேண்டும் என்பார், நான் வேண்டாம் என்பேன், மற்றப் பிள்ளைகள் வீட்டில் நடப்பதுதான்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இன்றைக்கு அவர் பதினைந்து கிலோ, யாரும் தூக்கலாம். பத்து வயதில் யார் தூக்குவது? என் இடுப்பு இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டது. ஆளை ஆள் தூக்குகிற நிலை வராமல் இருக்கத்தானே சட்டம் இருக்கிறது? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அவர்களும் கட்டடங்களுக்குள் போய்வர வழிசெய்யும் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஏற்கெனவே இருந்த பொதுக் கட்டடங்களை மாற்ற மூன்று வருடம் கொடுத்தார்கள். 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் நம் நாடு ஏற்று உறுதிப்படுத்தியது. என் மகன் பிறக்குமுன்பே இவ்வளவும் நடந்து முடிந்துவிட்டன.

சாய்தளம் போட்ட இடங்களிலும் பலது கண்துடைப்பு. இதை என் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன். எங்கள் வாசல் ஆறு அங்குல உயரம். மேசன் மூன்று அடி நீளத்தில் சரிவு போட்டுத் தந்தார். வோக்கர் பின்னால் இழுத்து மகன் மல்லாந்து விழப் பார்த்தார். உயரம் ஒரு அங்குலம் என்றால் நீளம் 12 அங்குலம் இருக்க வேண்டும் என்று பிறகுதான் பிசியோ மிஸ் சொன்னார். உடைத்து ஆறு அடிக்குப் போட்டோம். இப்போது சைக்கிளும் அதில்தான் ஏறுகிறது, அம்மம்மாவும் அதில்தான் ஏறுகிறார்.

வருகிற வருடம் தரம் ஒன்று. விண்ணப்பம் கொடுக்கப் போன ஒரு பாடசாலையில், "இவரை யார் தூக்கிக்கொண்டு திரிவது?" என்று கேட்டார்கள். மனம் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். தூக்காமல் ஒரு வழி இருக்கிறது என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. திரும்பும்போது வகுப்பறை வாசலை அளந்துகொண்டு வந்தேன். இரண்டு படி, மொத்தம் 12 அங்குலம். 12 அடிச் சரிவு போட முன்னால் இடம் தாராளமாக இருக்கிறது. சீமெந்தும் மணலும் நாங்கள் தருகிறோம், எங்கள் வீட்டுக்கு வந்த அதே மேசன் கூலி வேண்டாம் என்கிறார். அனுமதி மட்டும் தந்தால் விடுமுறைக்குள் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
உவர்மலை, திருகோணமலை.