தூரத்தைக் கணக்குப் போடும் முன் வார்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவிலியர் படிப்புக்குச் சேர்க்கை நடக்கிற நாட்கள் இவை. பல வீடுகளில் இப்போது ஒரே பேச்சுதான்: பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பலாமா, வேண்டாமா? நான் ஒரு மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் சிஸ்டராக நெடுங்காலம் இருந்து, இப்போது பயிற்சிக்கு வரும் மாணவ மாணவிகளைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். அந்த உரிமையில் பெற்றோர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை மணி நேரப் பயணம் என்று கணக்குப் போடும் முன்னால், உங்கள் பிள்ளை எந்த வார்டில், யாருடைய மேற்பார்வையில், எப்படிப்பட்ட நோயாளிகளின் பக்கத்தில் நின்று இந்தத் தொழிலைக் கற்கப்போகிறது என்று விசாரியுங்கள்.

இந்த ஆண்டு இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்திருக்கிறது. அக்கா மகளுக்கு இரண்டு இடங்களில் சீட் கிடைத்திருக்கிறது. ஒரு கல்லூரிக்கு வீட்டிலிருந்தே போய்வரலாம், ஆனால் அதற்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. இன்னொன்று பெரிய மருத்துவமனை ஒன்றின் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, அங்கே போக ஓர் இரவு முழுக்க ரயிலில் உட்கார வேண்டும். வீட்டில் எங்கள் அம்மா, அதாவது அவளுடைய பாட்டி, பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். ராத்திரியில் எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது பெரும்பாலும் இந்தப் பெண்தான். "நான் போயிட்டா அம்மா தனியா எப்படி சித்தி சமாளிப்பாங்க?" என்று என்னிடம் கேட்கிறாள். அக்கா ஒரு நாள் "கண்டிப்பா போகட்டும்" என்கிறாள், மறுநாள் "பக்கத்துலயே படிச்சா என்ன குறை?" என்கிறாள். இரண்டும் அன்பில் வருகிற பேச்சுதான்.

என்ன குறை என்பதற்கு நான் வார்டில் பார்ப்பதைச் சொல்கிறேன். சொந்த மருத்துவமனை இல்லாத கல்லூரிகள் பிள்ளைகளை வண்டியில் ஏற்றி வேறு மருத்துவமனைகளுக்கு அனுப்பும். ஒரே வார்டில் இரண்டு மூன்று கல்லூரிப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். ஒரு கட்டிலைச் சுற்றிப் பெரிய கூட்டம். ஒருத்தி கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடுவாள், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், ஆனால் எல்லோருடைய ப்ரொசீஜர் புத்தகத்திலும் அது செய்து முடித்ததாக ஏறிவிடும். வார்டு நர்ஸுகளுக்கு அந்தப் பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியாது. நோயாளியின் நிலைமை மாறுவதற்குள் போஸ்டிங் முடிந்து வண்டி கிளம்பிவிடும். தன் மருத்துவமனையிலேயே படிக்கிற பிள்ளைக்கு நேற்றுக் காய்ச்சலோடு பார்த்தவரை இன்று பார்க்க முடியும், நாளை அவர் எழுந்து உட்காருவதையும் பார்க்க முடியும். தவறாகப் பிடித்த ஊசியைத் திருத்திச் சொல்ல, அவளை முதல் ஆண்டிலிருந்தே தெரிந்த ஒரு சிஸ்டர் பக்கத்தில் இருப்பார்.

இந்தப் படிப்பில் பெரும்பங்கு நோயாளியின் பக்கத்தில்தான் நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குச் சட்டமே கணக்கு வைத்திருக்கிறது: பொதுச் செவிலியர் பயிற்சி குறைந்தது 4,600 மணி நேரம், அதில் பாதியாவது மருத்துவமனையிலும் சமூகத்திலும் நேரடிப் பயிற்சி. நோயாளிக்குப் பதில் பொம்மையில் பழகுவது (சிமுலேஷன்) வீண் என்று நான் சொல்லவில்லை. தரமான சிமுலேஷன் பயிற்சி, மருத்துவமனை நேரத்தில் பாதி வரைக்கும் ஈடுகட்டும் என்று அமெரிக்காவின் செவிலியர் வாரியங்களின் தேசிய கவுன்சில் 2014-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சரி, மீதிப் பாதிக்கு எங்கே போவது? மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு பெரியவர் "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்பார். அவர் உதட்டின் நிறத்தையும் தோள் ஏறி இறங்குவதையும் பார்த்து, உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்துகொள்வதை எந்தப் பொம்மையும் முழுதாகச் சொல்லித்தராது. அது பல நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து வருவது.

நர்ஸின் படிப்பு நோயாளியின் உயிரைத் தொடுகிற விஷயம். செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழுவினர் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பட்டப்படிப்பு முடித்த செவிலியர்களின் பங்கு 10 சதவீதம் கூடுதலாக இருந்த இடங்களில், அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு பெண் எந்தக் கல்லூரியில் சேருகிறாள் என்பது அவள் வீட்டு விஷயம் மட்டும் இல்லை என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே நேரம், தூரத்தில் இருப்பதாலேயே ஒரு கல்லூரி நல்லதாகிவிடாது. பளபளப்பான கட்டடப் படங்களைப் பார்த்துவிட்டு ரயில் ஏறுகிறவர்களும் உண்டு. பக்கத்திலேயே நல்ல மருத்துவமனையோடு கல்லூரி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வீட்டிலிருந்தே படிக்கட்டும். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல்கூட முதலில் அதைத்தான் கேட்டார். 1845-ல் தங்கள் வீட்டுக்கு அருகே இருந்த சாலிஸ்பரி மருத்துவமனையில் சில மாதம் பழக அனுமதி கேட்டபோது வீட்டார் மறுத்துவிட்டார்கள். பிறகு 1851-ல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற இடத்துக்குப் போய்த்தான் பயிற்சி எடுத்தார். அவர் பெயரில் 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பள்ளி தொடங்கியபோது, பயிற்சி பெறுகிறவர்கள் மருத்துவமனையோடு சேர்ந்த விடுதியிலேயே தங்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். படிப்பும் வார்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு பழையது.

அங்கீகாரத்தையும் மறக்காமல் பார்க்க வேண்டும். செவிலியர்களைப் பதிவு செய்ய முதன்முதலில் தனிச் சட்டம் போட்ட நாடு நியூசிலாந்து, 1901-ல். இன்று பெரும்பாலான இடங்களில் பதிவு இல்லாமல் நர்ஸாக வேலை செய்ய முடியாது. படிப்பது ஓரிடம், பிறகு திரும்பி வந்து வேலை செய்ய நினைப்பது வேறிடம் என்றால், அந்தச் சான்றிதழை இங்குள்ள செவிலியர் கவுன்சில் ஏற்குமா, பதிவை மாற்றிக்கொள்ள என்ன வழி என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உலகில் எட்டு நர்ஸுகளில் ஒருவர் தான் பிறந்த அல்லது படித்த நாட்டுக்கு வெளியே வேலை செய்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. பயணம் இந்தத் தொழிலோடு கூடவே வருகிறது.

இனி வீட்டைப் பிரிந்திருக்கும் கஷ்டம். அது உண்மையான கஷ்டம், அதைச் சின்னதாக்கிப் பேச எனக்கு மனம் இல்லை. மற்றப் படிப்புப் பிள்ளைகள் விடுமுறை விட்டதும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மருத்துவமனைக்கு விடுமுறை ஏது? பண்டிகை நாளிலும் டூட்டி சார்ட்டில் பெயர் இருக்கும். முதல் மாதங்களில் விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து போனில் அழாத பிள்ளைகள் குறைவு. எனக்கு அதைவிடக் கவலை, அவர்கள் முதல் மரணத்தைப் பார்க்கிற நாள். காலையில் பேசிக்கொண்டிருந்தவரின் உடலை மாலையில் துடைத்துச் சுற்றிக் கொடுத்துவிட்டு அறைக்குத் திரும்புகிற பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அன்று ஒரு மனிதர் வேண்டும். அம்மாவாக இருக்கலாம், அறைத் தோழியாக இருக்கலாம், ஒரு டியூட்டராக இருக்கலாம். அப்படி ஒருவர் அங்கே இருக்கிறாரா என்பதைக் கல்லூரியில் நேரிலேயே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வீட்டிலிருந்து படித்தால் பிள்ளைக்கு நிம்மதி, ஓய்வு என்று நினைக்கிறோம். எப்போதும் அப்படி இல்லை. நைட் டூட்டி முடிந்து காலையில் வீட்டுக்குப் போகிற பெண்ணைத் தூங்க விடுகிற வீடுகளும் இருக்கின்றன, வாசலிலேயே அடுத்த வேலையை நீட்டுகிற வீடுகளும் இருக்கின்றன. கண் சிவந்து வந்து நிற்கும் மாணவிகளிடம் கேட்டால் பாதிப் பேர் சொல்வது வீட்டு வேலையைத்தான். படிக்கிற மகன் தூங்கும்போது கதவைச் சாத்திக் குரலைத் தாழ்த்துகிற வீடு, படிக்கிற மகளுக்கும் அதைச் செய்ய வேண்டும். செய்ய முடியாது என்றால், அவளுக்கு விடுதியே மேல்.

எங்கள் வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். பாட்டியைப் பார்த்துக்கொள்வது பேத்தியின் பொறுப்பு மட்டும் என்று யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை, பழக்கத்தில் அப்படி ஆகிவிட்டது. அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான், நல்ல தெம்பான பையன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, முழங்காலுக்கு நடுவே தலையணை வைப்பது, குதிகாலும் இடுப்பும் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது, விழுங்கும்போது புரையேறாமல் தலையை உயர்த்தி வைப்பது எல்லாம் அவனுக்கும் வரும். நான் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். வாரக் கடைசிகளில் நான் போய் அக்காவைத் தூங்க வைப்பேன். இப்படிப் பங்குபோட முடியாத வீடுகளும் உண்டு, பார்க்க வேறு ஆளே இல்லாத வீடுகள். அங்கே பிள்ளை பக்கத்தில் படிப்பதுதான் சரி, அதில் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் முதலில் பங்குபோட்டுப் பார்த்தோமா என்று ஒவ்வொரு வீடும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். விளம்பரத்தில் கட்டடத்தைக் காட்டுவதோடு நிறுத்தாமல், எந்தெந்த மருத்துவமனைகளில் எத்தனை வாரம் போஸ்டிங், ஒரு நேரத்தில் ஒரு வார்டில் எத்தனை மாணவர்கள், பிரசவ வார்டிலும் மனநல வார்டிலும் உண்மையில் நுழைய முடியுமா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே அச்சிட்டுக் கொடுங்கள். நைட் டூட்டிக்குப் பிறகு வகுப்பு வைப்பீர்களா, வீட்டில் ஒரு சாவு என்றால் எத்தனை நாள் விடுவீர்கள், இடையில் படிப்பை விட நேர்ந்தால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுதுங்கள். டூட்டி சார்ட்டை ஒரு மாதம் முன்பே போட்டால் தூரத்துப் பிள்ளைகள் டிக்கெட் எடுக்க முடியும். அப்புறம், பெற்றோருக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். நோயாளிகளுக்குத் தொந்தரவு இல்லாமல், அவர்களின் அந்தரங்கத்தைக் கெடுக்காமல், வார்டு வாசலில் நின்று பார்த்து, மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போகட்டும்.

அக்கா மகளும் நானும் அந்தத் தூரத்துக் கல்லூரிக்கு இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறோம். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்துக் கல்லூரியிலும் அதே கேள்விகளைக் கொடுத்திருக்கிறோம். இரண்டு பதில்களையும் கையில் வைத்துக்கொண்டு அவளே முடிவு செய்வாள்.

இப்படிக்கு,
வார்டு சிஸ்டர் ஒருவர்