நான்கு பச்சை விளக்கு, மூன்று போல்ட்: ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய உற்பத்திப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கும் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

முன் சஸ்பென்ஷன் பிரிவில் இரவு ஷிப்டில் ஒரு போல்ட் இறுக்கப்படாமலே வண்டி நகர்ந்துவிட்டதைப் பற்றிய விசாரணை அறிக்கை தங்கள் மேசையில் இருக்கும் என்பதால் பின்னணியை மீண்டும் விவரிக்கப் போவதில்லை. அதன் பேரில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட சுற்றறிக்கை, "பணியாளரின் கவனக்குறைவு" என்ற இரண்டே சொற்களில் எல்லாவற்றையும் முடித்துவிட்டது. அந்தப் பணியாளர் நான்தான். கேட்ட விளக்கத்தைப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். படிவத்தில் இடம் இல்லாததை இங்கே எழுதுகிறேன்.

சக்கரம் சுழல உதவும் ஹப் பேரிங்கை, அதைத் தாங்கும் நக்கிளோடு பிணைக்கும் நான்கு போல்ட்டுகளையும் முதலில் கையால் இரண்டு மரை ஏற்றிவிட்டு, பிறகு டார்க் கன்னால் ஒவ்வொன்றாக இறுக்குகிறோம். குறித்த டார்க், அதாவது முறுக்கு விசை, வந்ததும் கன் தானாக நிற்கும், பச்சை விளக்கு எரியும், திரையில் எண்ணிக்கை ஒன்று கூடும். நான்கு ஆனதும் வண்டி நகரும். அன்று மூன்றாவது போல்ட்டை முடித்த நேரத்தில் கன்னின் கேபிள் தட்டின் விளிம்பில் சிக்கியது. அதை விடுவித்துத் திரும்பியவன், நான்காவது என்று எண்ணி மூன்றாவதன் தலையிலேயே மறுபடியும் சாக்கெட்டை வைத்தேன். ஏற்கெனவே இறுகியிருந்த போல்ட் இம்மியளவு நகர, டார்க் உடனே எட்டியது. நான்காவது பச்சை எரிந்தது. கைமரையோடு நின்ற உண்மையான நான்காவது போல்ட் என்னைக் கடந்து போயிற்று. அடுத்த நிலையத்துத் தோழர் அதன் தலை துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்து லைனை நிறுத்தினார். சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் ஏறிய பிறகாக இருந்திருந்தால் அவர் கண்ணிலும் பட்டிருக்காது.

தவறு என்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தவறுக்குப் பச்சை காட்டியது நான் அல்ல.

டார்க்கை மட்டும் அளக்கும் கருவிக்குப் புதிய போல்ட்டும் இறுகிய போல்ட்டும் ஒன்றுதான். கோணத்தையும் அளக்கும் கருவிக்கு அப்படி அல்ல. போல்ட்டின் தலை உட்கார்ந்த பிறகு அது எத்தனை பாகை சுழன்றது என்று எண்ணினால், இறுகிய போல்ட் ஓரிரு பாகையிலேயே நின்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மரை குறுக்கே ஏறிய போல்ட்டும் வழக்கமான சுற்றுகளை முடிக்காமலே டார்க்கை எட்டி மாட்டிக்கொள்ளும். ஆகவே என் கோரிக்கை ஒன்றே: அந்த நிலையத்தில் டார்க்கோடு கோணத்தையும் கண்காணிக்கும் கருவியைப் பொருத்துங்கள்.

இறுக்கத்தைப் பற்றித் தங்களுக்குப் பாடம் சொல்லும் துணிவு எனக்கில்லை. நாம் கொடுக்கும் டார்க்கில் ஏறக்குறைய பாதி தலைக்கு அடியிலும் இன்னொரு 40 விழுக்காடு மரையிலும் உராய்வாகவே கரைந்து, பத்தில் ஒரு பங்குதான் பாகங்களைப் பிடித்து நிறுத்தும் விசையாகிறது என்பதைத் தங்கள் பயிற்சி வகுப்பில்தான் கற்றேன். அப்படியானால் பூச்சு சற்று மாறிய போல்ட் வந்தாலே, வாஷரில் எண்ணெய் பட்டாலே, அதே டார்க்கில் வேறு பிடிப்புதானே கிடைக்கும்? வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, லைனில் டார்க் எண்ணை மட்டும் நம்பச் சொல்வது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

நடந்ததற்குப் பரிகாரமாக நிர்வாகம் செய்தது, லைன் முடிவில், குறித்த டார்க்கில் 'கிளிக்' என்று ஒலிக்கும் ரென்ச்சும் மஞ்சள் மார்க்கருமாக ஒருவரை நிறுத்தியதுதான். அவர் ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு கிளிக் கேட்டு, ஒரு புள்ளி வைக்கிறார். மரை குறுக்கே ஏறிய போல்ட்டும் கிளிக் சொல்லும். அதற்கும் புள்ளி உண்டு. ஒருவர் அந்த வழியாகப் போனார் என்பதற்கு மஞ்சள் புள்ளி நல்ல சாட்சிதான். சென்ற ஆண்டு ஒரு வண்டிக்கு 58 நொடியாக இருந்த சுற்று நேரம் 54 நொடியானபோது இந்த மார்க்கருக்கும் சேர்த்தே நேரம் கணக்கிட்டிருக்கலாம். கன் சிவப்பு காட்டினால் லைனை நகர்த்துவதற்கென்று மேற்பார்வையாளரிடம் உள்ள பைபாஸ் சாவி மாத இறுதியில் எத்தனை முறை திரும்புகிறது என்பதையும் யாராவது ஒருவர் எண்ணியிருக்கலாம். அதற்கு மட்டும் எண்ணிக்கை காட்டும் திரை இல்லை.

கோபத்தில் சற்றே விலகிவிட்டேன், மன்னிக்கவும்.

2021 ஜூனில் டெஸ்லா, பிரேக் காலிப்பர் போல்ட்டுகள் தளர்ந்திருக்கக்கூடும் என்று அமெரிக்காவில் ஏறக்குறைய 6,000 கார்களைத் திரும்ப அழைத்தது. மறு ஆண்டு ஜூனில் டொயோட்டா, ஹப் போல்ட் தளர்ந்து சக்கரமே கழன்றுவிடக்கூடும் என்று, புதிதாக வெளியிட்ட மின்காரில் ஏறக்குறைய 2,700 வண்டிகளைத் திரும்பப் பெற்றது. காரணங்கள் வேறாக இருக்கலாம், ஆனால் நம் நிலையத்தில் இறுகுவதும் அதே இன போல்ட்தான். தளர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகும் இணைப்புகளை ஜெர்மானியப் பொறியாளர் சங்கத்தின் வி.டி.ஐ. 2862 வழிகாட்டி "ஏ" பிரிவில் தனியாக வைக்கிறது. நம் வேலை விளக்கத் தாளின் மூலையிலும் அந்த "ஏ" அச்சாகியிருக்கிறது. தாளில் இருப்பது கன்னிலும் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

எனவே பணிவோடு மீண்டும் வேண்டுகிறேன்: அந்த நிலையத்தில் கோணத்தையும் அளக்கும் கருவியைப் பொருத்துங்கள், அது வரும் வரையிலாவது, சிவப்பு எரிந்த வண்டி பைபாஸ் சாவியால் நகராமல் இருக்கட்டும். கன்னை இயக்கும் கண்ட்ரோலரில் கோண அளவீடு ஏற்கெனவே உண்டு என்றும், இயக்கப்படவில்லை என்றும் பராமரிப்புப் பிரிவு நண்பர் ஒருவர் சொன்னார். அது உண்மையானால், அடுத்த ஷிப்டுக்கு முன்பே இயக்கிவிடலாம்.

என் மேல் எடுக்கும் நடவடிக்கையைத் தாங்கள் தடையின்றித் தொடரலாம். இந்த மடலுக்கான பதிலை மட்டும், சுற்றறிக்கை ஒட்டிய அதே பலகையில் எழுத்தில் ஒட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன் சஸ்பென்ஷன் பிரிவுப் பணியாளர் ஒருவர்