குரூப் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு: முடிக்கும் தேதியையும் இப்போதே எழுதி வையுங்கள்

நூலகக் கதவு திறக்கும் முன்பே வாசலில் பையை வைத்து இடம் பிடிக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். லட்சியம் என்ன என்று கேட்டால் உங்களில் பலர் "குரூப் 4 பாஸ் பண்ணணும்" என்கிறீர்கள். அது அரசு வேலைக்காகத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் ஒரு தேர்வின் பெயர், அவ்வளவுதான். 2019 செப்டம்பரில் குரூப் 4 நடந்தது. கொரோனா குறுக்கிட்டு, அடுத்த தேர்வு 2022 ஜூலையில்தான் வந்தது. முடிவு 2023 மார்ச்சில். அந்த முறை அறிவிக்கப்பட்ட 7,301 இடங்களுக்குச் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 2024 அறிவிக்கையில் 6,244 இடங்கள், 2025-இல் 3,935. தேதி, இடங்கள், கட்-ஆஃப் (தேர்வாகத் தேவைப்படும் குறைந்தபட்ச மதிப்பெண்) எதுவும் உங்கள் கையில் இல்லை. அதையே வாழ்க்கையின் ஒரே இலக்காக வைத்துக்கொண்டால், அறிவிக்கை தள்ளிப்போகும் போதெல்லாம் வாழ்க்கையும் தள்ளிப்போகும்.

ஒரு தாளில் தேர்வின் பெயர் வராமல் எழுதிப் பாருங்கள்: "30 வயதுக்குள், சொந்த மாவட்டத்தில், மாதச் சம்பளம் வரும் அலுவலக வேலை." இதற்கு குரூப் 4 ஒரு வழி. கூட்டுறவு வங்கித் தேர்வு இன்னொன்று. டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டி கணக்கும் கற்றுத் தனியார் நிறுவனத்தில் சேர்வது மூன்றாவது. வழிகளை எழுதியதும் அதே தாளில் மூன்று எண்கள் வேண்டும்: எத்தனை முறை எழுதுவீர்கள், எந்த மாதம் வரை, அதற்குள் வீட்டிலிருந்து எவ்வளவு பணம் வாங்குவீர்கள். இதை முதல் தேர்வுக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இரண்டு கேள்வியில் கட்-ஆஃப் தவறிய வாரத்தில் யாராலும் நிதானமாக முடிவெடுக்க முடியாது. "இன்னும் ஒரே ஒரு அட்டெம்ப்ட்" என்ற பேச்சு அந்த வாரத்தில்தான் பிறக்கிறது.

காத்திருக்கும் காலத்தில் எல்லா வழிக்கும் உதவுகிற ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். டைப்ரைட்டிங்கில் லோயர் நிலைத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் நிலைக்கு 45. குரூப் 4-இலேயே தட்டச்சர் பணிக்கு அது தகுதி. தேர்வு கைவிட்டாலும் விரல் வேகம் கூடவே வரும்.

இனி அன்றாடம். கல்லூரியில் வருகைப் பதிவேடு இருந்தது. படிப்பகத்தில் உங்களைக் கேட்க ஆளில்லை. உங்களைக் கண்காணிக்கும் மேலாளர் வேலையையும் நீங்களேதான் பார்க்க வேண்டும். பத்து மணி நேரம் உட்கார்ந்தேன் என்பது கணக்கே அல்ல. குரூப் 4-இல் 200 கேள்வி, 3 மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 வினாடி. ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்பும் நேரமும் அதற்குள் அடக்கம். தமிழ்ப் பகுதியின் 100 கேள்விகளுக்கான 150 மதிப்பெண்ணில் 60 வராவிட்டால் மற்ற பகுதியில் எவ்வளவு எடுத்தும் பயனில்லை. ஆகவே மாதிரித் தேர்வை நேரம் வைத்து, ஓஎம்ஆர் தாளில் எழுதுங்கள். செல்போனில் விரலால் தொட்டுப் பழகியவர்கள் தேர்வறையில் கடைசிக் கேள்விகளை அவசரத்தில் நிரப்பித் தொலைக்கிறார்கள்.

மாதிரித் தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணைவிடத் தவறுகளைப் பாருங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு தவறுக்கும் எதிரே காரணம் எழுதுங்கள்: படிக்கவில்லை, படித்து மறந்தேன், கேள்வியை அவசரத்தில் தவறாகப் படித்தேன், நேரமில்லை. "மறந்தேன்" அதிகமானால் புதுப் பாடத்தை நிறுத்திவிட்டு, படித்ததை மறுநாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள். "தவறாகப் படித்தேன்" அதிகமானால் இன்னொரு கைடு வாங்குவதில் அர்த்தமே இல்லை. (டெலிகிராமில் வந்து குவியும் பிடிஎஃப்களுக்கும் இதே பதில்தான்.)

அட்டவணை போடுவதில் எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறோம். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், உளவியல் மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை 34 நாளில் முடிப்போம் என்று கணித்தார்கள்; சராசரியாக 55 நாளுக்கும் மேல் ஆனது. எனவே நான்கு நாளில் முடியும் என்று தோன்றும் பாடத்துக்கு ஆறு நாள் ஒதுக்குங்கள். வாரத்தில் ஒரு நாளை முழுக்கக் காலியாக விடுங்கள். விட்டுப்போனது அங்கே போய் நிற்கும். காலி நாள் இல்லாத அட்டவணை புதன்கிழமை உடையும், வியாழன் அன்று கலர் பேனாவோடு புது அட்டவணை தயாராகும். அதைப் படிப்பு என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

ஞாயிறு மாலை அரை மணி நேரம்: திட்டமிட்டது எவ்வளவு, முடித்தது எவ்வளவு. தொடர்ந்து மூன்று வாரம் பாதியைத் தாண்டவில்லை என்றால் உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம், திட்டத்தைக் குறையுங்கள். "நாளை கணக்கு போடுவேன்" என்பதைவிட "காலை டீ குடித்ததும் தனிவட்டியில் பத்து கணக்கு" என்று நேரத்தோடும் எண்ணிக்கையோடும் எழுதினால் அது நடக்கும்.

இலக்கும் மூன்று எண்களும் எழுதிய அந்தத் தாளைப் பக்கத்து மேசைத் தோழரிடம் காட்டாதீர்கள். அவரும் அதே தேர்வு எழுதுகிறவர், "விடு மச்சி, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்பார். அறை வாடகை அனுப்பும் அப்பாவிடமோ அக்காவிடமோ மாதம் ஒரு முறை காட்டுங்கள். முடிக்கும் தேதியை மாற்ற வேண்டுமென்றால், அவர்கள் முன்னால், காரணத்தையும் எழுதிவிட்டு மாற்றுங்கள்.

அன்புடன்,
போட்டித் தேர்வுப் பயிற்றுநர்கள்