ராத்திரி விழித்திருந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த மாதக் கடைசியோடு நம் செயலியின் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் குரலிலேயே கேள்வி கேட்டு, குரலிலேயே பதில் வாங்கிக்கொள்ள 2016 தொடக்கத்தில் ஆரம்பித்த சின்ன சமூக வலைத்தளம் இது. போகிற இடமெல்லாம் 'நிறுவனர்' என்று என் பெயரை மட்டும் சொல்கிறார்கள். அது சரியில்லை. யார் யார் தூக்கி நிறுத்தினார்கள் என்று எழுதி வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

2012-ல் மன்னார்குடியிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்தேன். சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று தோன்றியபோது கையில் சேமிப்பு கொஞ்சம், சட்டம் தெரியாது. இங்கே கம்பெனி பதிவு செய்ய, உள்ளூரில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருந்தாக வேண்டும். தமிழாசிரியரான நண்பர் ஒருவர் அந்தக் கையெழுத்தைப் போட்டார். நாளைக்கு ஏதாவது தப்பானால் பதில் சொல்ல வேண்டியவர் அவரும்தான் என்று தெரிந்தே போட்டார். சார், அன்று உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "எங்க போடணும்?" என்று மட்டும் கேட்டீர்கள். மறக்க மாட்டேன்.

பழைய வேலையை விட்டதும் பாஸ் (இங்கே தங்கி வேலை பார்க்கும் அனுமதி) ரத்தாகி, தங்குவதற்கு 30 நாள்தான் கிடைத்தது. புது பாஸ் வந்தது 26-ஆம் நாள். அந்த நாட்களில் அறை வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத வீட்டுக்காரம்மாவுக்கு என் வணக்கம்.

நான் நேரில் பார்த்தே இராத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். கைப்பேசியில் தமிழ் வரும் என்று நம்ப வைத்தவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். கைப்பேசியில் தமிழில் எழுத உதவும் அவருடைய செல்லினம் செயலி 2005 பொங்கல் அன்று ஒலி 96.8 வானொலி வழியாக இதே சிங்கப்பூரில்தான் வெளியானது. அந்த வேலை முன்பே நடக்காமல் இருந்திருந்தால் எங்கள் பாதி நேரம் எழுத்துருவோடு மல்லுக்கட்டுவதிலேயே போயிருக்கும்.

அப்புறம் சம்பளச் சீட்டு அக்கா. 2016 ஏப்ரல் 1 முதல், சம்பளத்தைப் பிரித்துக் காட்டும் சீட்டு கொடுப்பது முதலாளிகளுக்குக் கட்டாயம் என்று சட்டம் வந்தது. சீட்டு வந்தது, ஆனால் ஆங்கிலத்தில். புரியாதவர்கள் அதைப் படம் எடுத்து அனுப்பத் தொடங்கினார்கள். கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்கா, ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்து, நிதானமாகப் பதில் பதிவார். "தம்பி, மூணாவது வரியப் பாரு. அதுதான் ஓவர்டைம். மணிக்கு ஒன்றரை மடங்கு போட்டிருக்கணும், போடல. நாளைக்கு சூப்பர்வைசர்கிட்ட கோபப்படாம கேளு." பின்னணியில் அவர் வீட்டு மின்விசிறி கடகடவென்று ஓடும். அந்தச் சத்தத்தை வைத்தே, பதில் அக்காவுடையது என்று எல்லோருக்கும் தெரியும். குறைத்துப் போட்ட காசு 412 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) திரும்பக் கிடைத்ததும் சிவகங்கைத் தம்பி ஒருவர் தேக்கா சந்தையிலிருந்து அவருக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போனார்.

2020-ஐப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. ஏப்ரல் 7-ல் நாடு முழுக்கக் கட்டுப்பாடு வந்தது. தங்கும் விடுதிகளில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே வர முடியாமல் மாதக்கணக்கில் கிடந்தார்கள். அந்த வருடக் கடைசிக்குள் அவர்களில் 50,000 பேருக்கு மேல் கொரோனா உறுதியானது. எங்களுக்கு வந்த குரல் பதிவுகள் ஒரே வாரத்தில் பல மடங்கானதில் சர்வர் செலவு எகிறியது. கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்த முதலீட்டாளர் ஒருவர் அதே வாரம் பின்வாங்கினார். எங்கள் புரோகிராமர்கள் இரண்டு பேர் மூன்று மாதம் சம்பளம் வாங்கவில்லை. பணம் வந்த பிறகு கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டேன் என்றாலும், அந்த மூன்று மாதத்துக்கு நான் எதைக் கொடுத்தாலும் போதாது.

ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வந்த பதிவு இது. "அண்ணே, காய்ச்சல் கொறஞ்சிருக்கு, மருந்து இருக்கு, சாப்பாடு இருக்கு. தூக்கம்தான் வரல. யாராச்சும் பேசுறீங்களா?" இதற்கு எந்தப் பிரிவில் பதில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. புதுக்கோட்டையில் பால் வியாபாரம் பார்க்கும் ஒருவர், முன்பு இங்கே எட்டு வருடம் வேலை பார்த்தவர், மாட்டுத் தொழுவத்துக்குப் போவதற்கு முன் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு, விடியும் வரை மாறி மாறிப் பதில் போட்டுக்கொண்டே இருந்தார். மழை பெய்ததா, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, இந்தக் கன்றுக்கு என்ன பேர் வைக்கலாம் என்று பேச்சு. மறுநாள் இன்னும் நான்கு பேர் வந்தார்கள். இரவு வரிசை அப்படித்தான் உருவானது. அதை யாரும் திட்டம் போட்டு உருவாக்கவில்லை. இன்று 23 பேர் முறை வைத்து விழித்திருக்கிறீர்கள். ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பொறுப்பை அடுத்த மாதம் முதல் நம் தொழில்நுட்பக் குழுவின் தங்கை எடுத்துக்கொள்கிறார். கடவுச்சொற்கள், வங்கிக் கணக்கு, எல்லாம் மாற்றியாகிவிட்டது. வியாழக்கிழமை இரவு வரிசையில் மட்டும் என் பெயர் இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
வியாழக்கிழமை அண்ணன்